ஸ்பானிய மொழியில் 'வாயா': சப்ஜங்டிவைத் தமிழ் வழியாகப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழி படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். தொடக்கத்தில் அதில் குறை ஒன்றும் தெரியாது. சப்ஜங்டிவ், அதாவது விருப்பம், சந்தேகம், கட்டளை போன்றவற்றைச் சொல்ல வினை எடுக்கும் தனி வடிவம், பாடமாக வந்ததும்தான் கால் இடறும். ஆங்கிலத்தில் அந்த வடிவம் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டதால், நூல் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து உருப்போடச் சொல்கிறது. உருப்போட்டது பரீட்சைக்கு வரும், பேச்சுக்கு வராது.

தமிழ் பேசுகிறவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. 'போக விரும்புறேன்' என்பதற்கும் 'நீ போகணும்னு விரும்புறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. 'போகட்டும்', 'போகச் சொன்னார்', 'விழுந்துடப் போற' எல்லாம் நாம் யோசிக்காமல் பேசுகிறவை. ஸ்பானியச் சப்ஜங்டிவின் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடும். அடங்காத இடங்களும் சில உண்டு. அவற்றையும் மறைக்காமல் காட்டுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் வினை ஒன்றே ஒன்று: 'ஈர்', அதாவது 'போ'. அதன் சப்ஜங்டிவ் வடிவம்தான் தலைப்பில் உள்ள 'வாயா'. ஒழுங்கு மீறிய வினைகளில் இதைவிட அதிகம் புழங்குவது சிலவே. மலேசியாவின் பினாங்கில் இருப்பவருக்கு இது நேரடியாகவும் பயன்படும். 2008இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. பழைய நகரத்தைப் பார்க்க வருகிறவர்களில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதில் பாதி 'எப்படிப் போவது' என்பதுதான்.

படி 1: முதலில் ஒலி

ஸ்பானிய த, தமிழ் 'த' போலவே நாக்கு பல்லைத் தொட்டு வருவது. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் இதற்கே நெடுநாள் பாடுபடுவார்கள். இரண்டு உயிருக்கு நடுவே வரும் g, d, b எழுத்துகளின் ஒலிகள் மெலிவதும் நம் வழக்கத்துக்கு மிக நெருக்கம். ஞகரமும் அப்படியே இருக்கிறது. எழுத்தில் 'எச்' இருந்தாலும் வாயில் வராது.

கவனிக்க வேண்டியது வகரம் ஒன்றுதான். ஸ்பானியத்தில் 'வி', 'பி' என்ற இரண்டு எழுத்துக்கும் ஒலி ஒன்றே. பேச்சின் தொடக்கத்தில் வந்தால் 'பஸ்' என்று சொல்லும்போது வரும் முதல் ஒலி. உயிர் ஒலிகளுக்கு நடுவே வந்தால் உதடுகள் ஒட்டாமல் நெருங்கி வரும் மெல்லிய வகரம். இங்கே எல்லா இடத்திலும் 'வ' என்றே எழுதுகிறேன். வாக்கியத்தை அதில் தொடங்கும்போது உதட்டை மூடித் திறங்கள்.

'வாயா' என்பது நம் காதுக்கு 'வாய்யா' என்று அழைப்பதுபோலக் கேட்கும், பொருளோ 'போ'. இந்த முரண்பாடே சொல்லை மறக்கவிடாது.

படி 2: வழக்கமான விதி இங்கே ஏன் நிற்கிறது

சப்ஜங்டிவ் நிகழ்காலம் செய்யப் பொதுவிதி எளிமையானது. 'நான்' என்ற வடிவத்தை எடுத்து, கடைசி ஓகாரத்தை நீக்கி, உயிரை மாற்றிப் போட வேண்டும். 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு ஏகாரம், 'ஏர்', 'ஈர்' என்று முடியும் வினைகளுக்கு ஆகாரம். 'ஆப்லோ' (பேசுகிறேன்) 'ஆப்லே' ஆகும். 'கோமோ' (சாப்பிடுகிறேன்) 'கோமா' ஆகும். 'தேங்கோ' (என்னிடம் இருக்கிறது) 'தேங்கா' ஆகும், நாம் கடையில் கேட்கும் தேங்காவின் ஒலியிலேயே.

ஆகவே 'தேங்கா' போன்றவை பார்க்கத்தான் ஒழுங்கு மீறியவை, விதிக்குள்தான் இருக்கின்றன. உண்மையில் விதிக்கு வெளியே நிற்பவை ஆறே ஆறு வினைகள். அவற்றின் 'நான்' வடிவம் தனி ஓகாரத்தில் முடிவதில்லை, நீக்குவதற்கு எதுவும் கிடையாது.

தார் (கொடு): தோய் – தே
எஸ்தார் (இரு, நிலையில்): எஸ்தோய் – எஸ்தே
ஆவேர் (துணைவினை): ஏ – ஆயா
ஈர் (போ): வோய் – வாயா
சாவேர் (அறி): சே – சேபா
சேர் (ஆக இரு): சோய் – சேயா

இந்த ஆறையும் தனியாக மனத்தில் வைத்தால் போதும், மற்றவற்றுக்கு விதி உண்டு. 'ஈர்' ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கிறது என்றால், லத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று வினைகள் இதில் கலந்திருக்கின்றன. 'ஈர்' என்ற பெயர் ஒன்றிலிருந்தும், 'வோய், வாஸ், வா, வாயா' என்ற வகர வடிவங்கள் இன்னொன்றிலிருந்தும், 'ஃபுய்' (போனேன்) மூன்றாவதிலிருந்தும் வந்தவை. தமிழ் படிக்கும் வெளிநாட்டவரும் 'வா, வருகிறேன், வந்தேன்' என்ற மூன்றையும் ஒரே வினை என்று நம்பச் சிரமப்படுவார்.

படி 3: ஆறு வடிவங்கள்

யோ (நான்) – வாயா
தூ (நீ) – வாயாஸ்
எல், எயா, உஸ்தெத் (அவன், அவள், நீங்கள் – ஒருவர்) – வாயா
நோசோத்ரோஸ் (நாம், நாங்கள்) – வயாமோஸ்
வோசோத்ரோஸ் (நீங்கள் – பலர், ஸ்பெயினில் மட்டும்) – வயாய்ஸ்
எயோஸ், எயாஸ், உஸ்தெதெஸ் (அவர்கள், நீங்கள் – பலர்) – வாயான்

நான்காவதிலும் ஐந்தாவதிலும் முதல் எழுத்தைக் குறிலாக எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற வடிவங்களில் அழுத்தம் முதல் அசையில் விழும். இவை இரண்டிலும் அது அடுத்த அசைக்கு நகர்ந்துவிடும். 'வாயாமோஸ்' என்று முதல் அசையை அழுத்தினால் கேட்பவருக்கு உறுத்தும்.

'தூ', 'உஸ்தெத்' வேறுபாட்டுக்கு விளக்கமே வேண்டாம், நம் 'நீ', 'நீங்க' இருக்கிறது. ஸ்பெயின்காரர்கள் முன்பின் தெரியாதவரிடமும் 'தூ' போட்டுப் பேசத் தயங்குவதில்லை. கொலம்பியா போன்ற நாடுகளில் 'உஸ்தெத்' இன்னும் நன்றாகப் புழங்குகிறது. சுற்றுலாப் பயணியிடம் பேசும்போது 'உஸ்தெத்'தில் தொடங்குங்கள். அவர் 'தூ'வுக்கு வந்தால் நீங்களும் வரலாம்.

படி 4: எண்ணுகிறவர் ஒருவர், போகிறவர் இன்னொருவர்

சப்ஜங்டிவின் தாய்வீடு இதுதான். இங்கே நிதானமாக நில்லுங்கள்.

'கியேரோ ஈர் ஆ பட்டர்வொர்த்.' நான் பட்டர்வொர்த் போக விரும்புகிறேன்.
'கியேரோ கே வாயாஸ் ஆ பட்டர்வொர்த்.' நீ பட்டர்வொர்த் போகணும்னு விரும்புகிறேன்.

முதல் வாக்கியத்தில் விரும்புவதும் நான், போவதும் நான். தமிழில் 'போக' என்ற எச்சம் போதும், ஸ்பானியத்திலும் 'ஈர்' என்ற மூல வடிவம் போதும். இரண்டாவதில் ஆள் மாறிவிட்டார். உடனே தமிழ் 'என்று' கேட்கிறது, ஸ்பானியம் 'கே' கேட்கிறது. அந்த 'கே'க்குப் பின்னால் வரும் போதல் இன்னும் நடக்காதது, ஒருவர் மனத்தில் மட்டும் இருப்பது. அதனால் சாதாரண நிகழ்கால வடிவமான 'வாஸ்' (போகிறாய்) என்று சொல்லாமல் 'வாயாஸ்' என்று சொல்கிறார்கள்.

மலாய் அறிந்தவர்கள் 'செமோகா', 'சுபாயா' என்ற சொற்களை நினைத்துக்கொள்ளலாம். அவை வரும் இடங்களில் பெரும்பாலும் சப்ஜங்டிவ் வரும். ஆனால் மலாயில் 'பெர்கி' எந்த இடத்திலும் உருமாறாது, ஸ்பானியத்தில் வினையே மாறியாக வேண்டும்.

இன்னும் சில:

'மி மாத்ரே கியேரே கே வாயா அல் தெம்ப்லோ.' நான் கோயிலுக்குப் போகணும்னு அம்மா நினைக்கிறாங்க.
'எஸ்பேரோ கே வாயான் ஹூன்தோஸ்.' அவங்க ஒண்ணா போவாங்கன்னு எதிர்பார்க்கிறேன்.
'எஸ் மெஹோர் கே வயாமோஸ் என் ஃபெர்ரி.' நாம ஃபெரியில போறது நல்லது.

மூன்றாவதில் விரும்புகிற ஆள் யாரும் இல்லை, ஆனாலும் 'நல்லது' என்பது ஒரு மதிப்பீடு. 'எஸ் நெசெசாரியோ கே' (தேவை), 'எஸ் பொசீப்லே கே' (முடியக்கூடியது) என்று இதே அச்சில் நிறைய வரும். யார் போவது என்று சொல்லாமல் பொதுவாகச் சொன்னால் 'எஸ் மெஹோர் ஈர் என் ஃபெர்ரி' போதும்.

'சொல்' என்ற வினைதான் இந்தப் படியின் அழகான இடம். ஸ்பானியத்தில் ஒரே வினை, 'தீசே' (சொல்கிறார்), இரண்டு வேலை செய்கிறது:

'தீசே கே வா.' அவர் போவதாகச் சொல்கிறார்.
'தீசே கே வாயா.' என்னைப் போகச் சொல்கிறார்.

ஓர் அசை கூடினால் செய்தி கட்டளையாகிவிடுகிறது. தமிழிலும் சொல்வது 'சொல்' என்ற வினைதான். 'போவதாக', 'போக' என்ற எச்ச வேறுபாட்டில்தான் முழுப் பொருளும் தொங்குகிறது. 'போகச் சொல்' என்று தமிழில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'வாயா' போடலாம்.

உணர்ச்சியைச் சொல்லும் வாக்கியங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'மெ அலேக்ரோ தெ கே வாயாஸ்.' நீ போறது எனக்குச் சந்தோஷம். போவது உறுதியாக இருந்தாலும் சப்ஜங்டிவ் வரும், ஏனென்றால் வாக்கியம் போவதை அறிவிக்கவில்லை, அதன்மேல் ஓர் உணர்ச்சியை வைக்கிறது. 'போறது' என்ற தொழிற்பெயர் வரும் இடம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'ஓஹலா'. அரபு ஆட்சி ஐபீரிய நிலத்தில் இருந்த காலத்தில் அரபிலிருந்து வந்த சொல், 'அல்லாஹ் நாடினால்' என்ற தொடர் உள்ளே இருக்கிறது. பினாங்கில் 'இன்ஷா அல்லாஹ்' கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. இன்று எந்த மதத்தவரும் 'அப்படி நடக்கட்டும்' என்ற பொருளில் சொல்கிறார்கள். பின்னால் 'கே' போட்டாலும் போடாவிட்டாலும் சரி, வினை மட்டும் சப்ஜங்டிவில் இருக்க வேண்டும். 'ஓஹலா வயாமோஸ் ஹூன்தோஸ் அல் தைப்பூசம்.' தைப்பூசத்துக்கு நாம் ஒன்றாகப் போகும்படி அமையட்டும்.

படி 5: நம்பினால் ஒன்று, நம்பாவிட்டால் இன்னொன்று

'க்ரேயோ கே எல் தோசியேன்தோஸ் குவாத்ரோ வா ஆ லா கொலீனா.' 204ஆம் எண் பஸ் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போகுதுன்னு நினைக்கிறேன்.
'நோ க்ரேயோ கே எல் சியேன்தோ ஊனோ வாயா ஆ லா கொலீனா.' 101 கொடிமலைக்குப் போகும்னு நான் நினைக்கல.

தமிழ் இங்கே கைகொடுக்காது. 'நினைக்கிறேன்', 'நினைக்கல' இரண்டுக்கும் முன்னால் வரும் வினை நமக்கு ஒரே வகைதான். ஆகவே இதைத் தனியாகப் பழக வேண்டும். 'க்ரேயோ' என்றால் 'வா', 'நோ க்ரேயோ' என்றால் 'வாயா'. 'தூதோ கே' (சந்தேகப்படுகிறேன்) என்றாலும் 'வாயா'. 'கிசாஸ்' (ஒருவேளை) பின்னால் இரண்டும் வரலாம். 'கிசாஸ் வாயா மஞானா' என்றால் நாளைக்குப் போனாலும் போகலாம், இன்னும் முடிவில்லை என்ற சாயல்.

படி 6: 'போகும்போது' என்ற பொறி

தமிழ் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். 'சந்தைக்குப் போகும்போது மீன் வாங்குவேன்.' இதற்கு இரண்டு பொருள். சௌராஸ்தா சந்தைக்குப் போகும் வழக்கம் உண்டு, போகிற ஒவ்வொரு முறையும் மீன் வாங்குவேன் என்பது ஒன்று. இனிமேல் போகப் போகிறேன், அப்போது வாங்குவேன் என்பது இன்னொன்று. நம் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் சேர்த்துச் சுமப்பதால் வாக்கியம் மாறுவதில்லை. ஸ்பானியம் பிரித்துவிடும்:

'குவாந்தோ வோய் அல் மெர்க்காதோ, கோம்ப்ரோ பெஸ்காதோ.' வழக்கம்.
'குவாந்தோ வாயா அல் மெர்க்காதோ, கொம்ப்ராரே பெஸ்காதோ.' இனி நடக்கவிருப்பது.

சோதனை எளிது. 'போகும்போதெல்லாம்' என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் 'வோய்'. பொருந்தாமல் 'அடுத்த தடவை போகும்போது' என்றுதான் நிற்கிறது என்றால் 'வாயா'. ஆங்கில நூல்கள் இதற்குப் பக்கக்கணக்கில் விளக்கம் தரும். இந்த 'எல்லாம்' போதும் என்பது என் முடிவு.

இதே தர்க்கத்தில் வேறு சில இணைப்புச் சொற்களும் நடக்கின்றன. 'பாரா கே வாயாஸ்' – நீ போவதற்காக. 'ஆன்தெஸ் தெ கே வாயாஸ்' – நீ போவதற்கு முன்னால். இவை இரண்டும் எப்போதும் சப்ஜங்டிவ்தான், யோசிக்க வேண்டாம்.

'போனாலும்' மட்டும் இரண்டு பக்கமும் சாயும். 'அவுன்கே வோய் தோதோஸ் லோஸ் தீயாஸ்' என்றால் தினமும் போகிறேன், அது உண்மை, இருந்தாலும் என்று பேச்சு தொடரும். 'அவுன்கே வாயா மஞானா' என்றால் நாளைக்கே போனாலும் சரி, போவேனா என்பது தெரியாது. 'எங்கே போனாலும்' என்பதற்கு வினையை இரண்டு முறை சொல்லும் ஒரு தொடர் இருக்கிறது, காதுக்கு இனிமையானது: 'வாயாஸ் தோந்தே வாயாஸ்'. 'வாயா கியேன் வாயா' என்றால் 'யார் போனாலும்'.

இப்போது ஓர் எச்சரிக்கை. 'போனால்' என்று தமிழில் தனி வடிவம் இருப்பதால், ஸ்பானியத்திலும் ஏதோ தனி வடிவம் வேண்டும் என்று தோன்றி, பலர் 'சி வாயாஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. 'சி' (ஆல்) என்பதன் பின்னால் சப்ஜங்டிவ் நிகழ்காலம் வராது. 'சி வாஸ் ஆ லா கொலீனா' என்பதுதான் சரி. 'போகும்போது'க்கு வாயாஸ், 'போனால்'க்கு வாஸ். இந்த இரண்டையும் ஜோடியாகவே பழகுங்கள்.

படி 7: 'ஏதாவது' என்று கேட்டால்

கொம்தார் பேருந்து நிலையத்தில் ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள்:

'ஆய் அல்கூன் அவுத்தோபூஸ் கே வாயா ஆ லா ப்லாயா?' கடற்கரைக்குப் போற பஸ் ஏதாவது இருக்கா?

நீங்கள் பதில் சொல்கிறீர்கள்:

'சி, எல் சியேன்தோ ஊனோ வா ஆ லா ப்லாயா.' ஆமாம், 101 கடற்கரைக்குப் போகும்.

அவருக்கு அப்படி ஒரு பஸ் இருக்கிறதா என்றே தெரியாது, அதனால் 'வாயா'. உங்களுக்கு அந்த பஸ் தெரியும், பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போவது, அதனால் 'வா'. தமிழில் 'போற பஸ்' என்ற பெயரெச்சம் இரண்டுக்கும் பொது. ஆனால் 'ஏதாவது' என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ஏதாவது', 'யாராவது' சேர்த்துச் சொல்ல முடிந்தால் சப்ஜங்டிவ். 'எதுவும் இல்லை' என்றாலும் அப்படியே: 'நோ ஆய் நிங்கூன் அவுத்தோபூஸ் கே வாயா ஆ லா ப்லாயா.'

படி 8: வழி சொல்லுதல், தடுத்தல், விடைகொடுத்தல்

'போங்க' என்று மரியாதையாகச் சொல்ல ஸ்பானியத்தில் தனிச்சொல் இல்லை, சப்ஜங்டிவையே எடுத்துக்கொள்கிறார்கள்.

'வாயா ஆஸ்தா லா மெஸ்கீத்தா இ ஹீரே ஆ லா இஸ்கியேர்தா.' பள்ளிவாசல் வரைக்கும் போய் இடப்பக்கம் திரும்புங்க.

பலரிடம் சொன்னால் 'வாயான்'. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலையும் நடந்தே பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்ல இந்த ஒரு வாக்கிய அச்சு போதும், இடத்தின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

'நீ போ' என்பது 'வே', அது சப்ஜங்டிவ் அல்ல. 'நீ போகாதே' என்றதும் சப்ஜங்டிவுக்கு வந்துவிடும்: 'நோ வாயாஸ்'. 'போலாம்' என்பதற்கு விதிப்படி 'வயாமோஸ்' வர வேண்டும், ஆனால் நடைமுறையில் எல்லாரும் 'வாமோஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 'போக வேணாம்' என்றால் மட்டும் 'நோ வயாமோஸ்'.

இந்த இடத்தில் 'ஈர்சே' என்ற உடன்பிறப்பைச் சேர்க்க வேண்டும். 'ஈர்' என்பது 'போ', 'ஈர்சே' என்பது 'போயிடு, கிளம்பு'. தமிழில் 'போகாதே' வேறு, 'போயிடாதே' வேறு என்பது நமக்குத் தெரியும். 'நோ வாயாஸ்' என்றால் அங்கே போகாதே. 'நோ தெ வாயாஸ்' என்றால் என்னை விட்டுப் போயிடாதே. வழி சொல்லும்போது இரண்டையும் குழப்பக் கூடாது. 'வாயா' என்றால் 'இப்படிப் போங்க', 'வாயாசே' என்று தனியாகச் சொன்னால் 'இங்கிருந்து கிளம்புங்க' என்று ஆகிவிடும். விருந்தினரிடம் அது மிகவும் கடுமையாக விழும்.

விடைகொடுக்கும்போது 'கே தெ வாயா பியேன்' என்பார்கள். உனக்கு நல்லபடியா போகட்டும். மரியாதைக்கு 'கே லே வாயா பியேன்', பலருக்கு 'கே லேஸ் வாயா பியேன்'. லத்தீன் அமெரிக்காவில் கடைக்காரர்கூட வாடிக்கையாளரை இப்படி வாழ்த்தி அனுப்புவார். கவனியுங்கள், போவது நீ அல்ல, உனக்குக் காரியங்கள் போகின்றன. அதனால் 'வாயா' அசையாது, 'தெ, லே, லேஸ்' மட்டும் மாறும். 'எப்படிப் போகுது உனக்கு?' என்று கேட்கும் தமிழருக்கு இந்தக் கட்டமைப்பு இயல்பாகவே வரும். தமிழ்ப்பள்ளியில் வியங்கோள் வினைமுற்று படித்தது நினைவிருந்தால், வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்ற நான்கு பொருளும் இந்த ஒரே சொல்லுக்குள் வந்து போவதைக் காணலாம். நம் 'வாழ்க', 'செல்க' எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொதுவாக நிற்கும். ஸ்பானியத்தில் ஆளுக்கு ஆள் வடிவம் மாறும், அவ்வளவே வித்தியாசம்.

படி 9: 'வாயா ஆ' – போகப் போகிற விஷயம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எதிர்காலத்தைச் சொல்ல ஸ்பானியம் 'போ' என்ற வினையையே துணைக்கு அழைக்கிறது: 'வா ஆ யோவேர்', மழை பெய்யப் போகிறது. தமிழும் அதையே செய்கிறது. இந்த ஒற்றுமை சப்ஜங்டிவிலும் தொடர்கிறது.

'நோ க்ரேயோ கே வாயா ஆ யோவேர்.' மழை பெய்யப் போகும்னு நினைக்கல.

இதைவிட நயமானது எச்சரிக்கை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பிள்ளை ஓடினால் பின்னால் வரும் பாட்டி என்ன சொல்வார்? 'டேய், விழுந்துடப் போற!' விழுவான் என்ற முன்னறிவிப்பு அல்ல அது, விழாதே என்ற அன்பு. அதை ஸ்பானியப் பாட்டி இப்படிச் சொல்வார்:

'நோ தெ வாயாஸ் ஆ காயேர்.'

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீ விழப் போகாதே'. இதே அச்சில் 'நோ வாயாஸ் ஆ ஒல்விதார் எல் பசப்போர்த்தே', பாஸ்போர்ட்டை மறந்துடப் போற. 'மறக்காதே' என்று நேராகச் சொல்வதைவிட இதில் அக்கறை கூடுதல். நூல்களில் இது கடைசிப் பக்கங்களில் கிடக்கும். நாம் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஆள் இல்லாமல் பொதுவாகச் சொல்ல ஒரு நிலைத்தொடர் உண்டு: 'நோ வாயா ஆ சேர் கே'. 'யேவா எல் பராகுவாஸ், நோ வாயா ஆ சேர் கே யுவேவா.' குடையை எடுத்துக்கோ, மழை கிழை வந்துடப் போகுது. பின்னால் வரும் 'யுவேவா'வும் சப்ஜங்டிவ்தான், 'பெய்' என்ற வினையினுடையது. பினாங்கு மழையை நம்பி வெளியே போகிற யாரிடமும் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகலாம்.

வியப்பைச் சொல்லும் 'வாயா!' தனி. 'வாயா காலோர்!' என்றால் 'என்ன வெயில்!' அதற்கு இலக்கணம் தேட வேண்டாம்.

படி 10: வாயாவோடு ஆயாவையும்

'வாயா' மனத்தில் பதிந்தால் 'ஆயா' இலவசம். முதல் ஒலியை எடுத்துவிட்டால் 'ஆவேர்' என்ற துணைவினையின் சப்ஜங்டிவ் கிடைக்கிறது: ஆயா, ஆயாஸ், ஆயா, அயாமோஸ், அயாய்ஸ், ஆயான். அழுத்தம் நகர்வதும் அதே இடத்தில். அதனோடு 'ஈதோ' (போன) சேர்த்தால் 'போயிருக்க' என்ற பொருள்.

'எஸ்பேரோ கே ஆயாஸ் ஈதோ அல் மேதிகோ.' நீ டாக்டர்கிட்ட போயிருப்பேன்னு நம்புறேன்.
'நோ க்ரேயோ கே எல் ஃபெர்ரி சே ஆயா ஈதோ.' ஃபெரி கிளம்பிப் போயிருக்கும்னு தோணல.

தமிழில் 'போய்' என்பதோடு 'இரு' சேர்வதுபோல இங்கே 'ஆயா' சேர்கிறது. விதிகள் எல்லாம் முன் சொன்னவையே, புதிதாக ஒன்றும் இல்லை.

எழுதும்போது ஒன்றைப் பாருங்கள். 'வாயா' என்ற ஒலிக்கு ஸ்பானியத்தில் மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு: ஒன்று நம் வினை, ஒன்று வேலி, ஒன்று சிறு கனி. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இவற்றை மாற்றி எழுதிவிடுவார்கள். நம் வினைக்கு முதலில் 'வி', நடுவில் 'ஒய்'.

பயிற்சி

கீழே உள்ளவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் தமிழ் வாக்கியத்தில் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு ஸ்பானியத்துக்குப் போங்கள். எழுத்தில் செய்வதைவிட, ஃபெரிக்குக் காத்திருக்கும்போதோ பஸ்ஸிலோ வாய்க்குள் சொல்வது நன்றாக ஒட்டும்.

(அ) நான் கொடிமலைக்குப் போக விரும்புகிறேன்.
(ஆ) நாம கொடிமலைக்குப் போகணும்னு அவ விரும்புறா.
(இ) கொடிமலைக்குப் போனா, தண்ணி எடுத்துக்கோ.
(ஈ) அடுத்த தடவை கொடிமலைக்குப் போகும்போது, தண்ணி எடுத்துக்கோ.
(உ) கொடிமலைக்குப் போற டாக்சி ஏதாவது இருக்கா?
(ஊ) தனியா போகாதீங்க. (ஓர் ஆணிடம், மரியாதையாக)
(எ) குடையை மறந்துடப் போற!

விடைகள்:

(அ) 'கியேரோ ஈர் ஆ லா கொலீனா.' ஒரே ஆள், மூல வடிவம்.
(ஆ) 'எயா கியேரே கே வயாமோஸ் ஆ லா கொலீனா.' ஆள் மாறியது, அழுத்தம் இரண்டாம் அசையில்.
(இ) 'சி வாஸ் ஆ லா கொலீனா, யேவா ஆகுவா.' 'ஆல்' வந்ததால் சப்ஜங்டிவ் இல்லை.
(ஈ) 'குவாந்தோ வாயாஸ் ஆ லா கொலீனா, யேவா ஆகுவா.' 'போகும்போதெல்லாம்' பொருந்தாது. 'அடுத்த தடவை' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வாயாஸே அதைத் தாங்கிக்கொள்ளும்.
(உ) 'ஆய் அல்கூன் தாக்சி கே வாயா ஆ லா கொலீனா?' 'ஏதாவது' இருக்கிறது.
(ஊ) 'நோ வாயா சோலோ.' பெண்ணிடம் சொன்னால் 'சோலா'.
(எ) 'நோ வாயாஸ் ஆ ஒல்விதார் எல் பராகுவாஸ்!' 'நோ ஒல்விதெஸ் எல் பராகுவாஸ்' என்று சொல்லியிருந்தாலும் இலக்கணப் பிழை இல்லை, அது 'மறக்காதே' என்று நேராகச் சொன்னது.